லினக்ஸ் மடிக்கணினியில் பிணைய மாற்றம்: இடமும் இணைப்பும்

ஒரே மடிக்கணினி வீட்டில் ஒரு பிணையத்திலும், கல்லூரியில் வேறொன்றிலும், பயணத்தில் கைபேசியின் ஹாட்ஸ்பாட்டிலும் இயங்குகிறது. ஒவ்வொன்றிலும் ஐபி முகவரி, நுழைவாயில், டிஎன்எஸ் வழங்கி, ப்ராக்ஸி, அச்சுப்பொறி, ஃபயர்வால் விதிகள் ஆகியவை மாறக்கூடும். இந்த மாற்றத்தைச் செய்துதரப் பல லினக்ஸ் கருவிகள் எழுதப்பட்டுள்ளன. எதைத் தம் அலகாகக் கொண்டன என்பதை வைத்து அவற்றை இரண்டாகப் பிரிக்கலாம். பழைய கருவிகள் 'கணினி எங்கே இருக்கிறது?' என்று கேட்டன. புதியவை 'கணினி எதனோடு இணைந்திருக்கிறது?' என்று கேட்கின்றன. நெட்வொர்க் மேனேஜரின் வழியாக இரண்டாம் கேள்வியே இன்று நிலைபெற்றுள்ளது. அது வென்றதற்கு நல்ல காரணங்கள் உண்டு. ஆனால் முதல் கேள்வியைக் கைவிட்டதால் உண்டான இழப்பும் சிறியதல்ல. அந்த இழப்பு வசதியில் தொடங்கிப் பாதுகாப்பு வரை செல்கிறது.

இடத்தைக் கேட்ட கருவிகள்

1990களின் மடிக்கணினிகள் பலவற்றில் பிணைய அட்டை உள்ளே இருக்காது. பிசிஎம்சிஐஏ அட்டை ஒன்றைப் பக்கவாட்டுத் துளையில் செருகவேண்டும். லினக்ஸில் அந்த அட்டைகளை இயக்கிய டேவிட் ஹைண்ட்ஸின் மென்பொருள் தொகுதியில் 'ஸ்கீம்' என்றொரு வசதி இருந்தது. பயனர் ஓர் அமைவுக் கோப்பில் வீடு, அலுவலகம் எனத் தாம் விரும்பிய பெயர்களை எழுதி, ஒவ்வொன்றின் கீழும் அந்த இடத்துக்குரிய முகவரிகளைக் கொடுப்பார். பிறகு 'கார்ட்சிடிஎல்' கட்டளையுடன் ஸ்கீமின் பெயரைத் தட்டினால் அட்டைகள் நிறுத்தப்பட்டுப் புதிய அமைவோடு மீண்டும் தொடங்கும். கணினி எதையும் ஊகிக்கவில்லை. எங்கே இருக்கிறோம் என்பது பயனருக்குத் தெரியும், அவர் சொன்னால் போதும் என்பதே அதன் எடுகோள்.

டெபியன் வழங்கலுக்காக ஆந்தனி டவுன்ஸ் எழுதிய இஃப்அப்டவுன் இந்த எண்ணத்தை மேலும் செம்மையாக்கியது. எட்சி அடைவின் கீழ் உள்ள 'இன்டர்ஃபேசஸ்' கோப்பில், இயற்பியல் இடைமுகம் வேறு, அதற்குத் தரப்படும் ஏரண இடைமுகம் வேறு என்று அது பிரித்தது. 'ஈத்0' என்பது கணினியில் உள்ள அட்டை. 'வீடு', 'அலுவலகம்' என்பவை அந்த அட்டைக்குப் போர்த்தக்கூடிய சட்டைகள். இஃப்அப் கட்டளையில் 'ஈத்0'க்குச் சமம் 'வீடு' என்று கொடுத்தால் அந்தச் சட்டை ஏறும். 'மேப்பிங்' என்ற பகுதியில் ஒரு ஸ்கிரிப்டைக் குறித்துவிட்டால், எந்தச் சட்டை என்பதை அந்த ஸ்கிரிப்டே முடிவுசெய்யும்.

இந்த அமைப்பில் அதிகம் பேசப்படாத ஒரு நல்ல குணம் உண்டு. 'அப்', 'டவுன்' என்று தொடங்கும் வரிகளை முகவரிக்குக் கீழேயே எழுதலாம். அலுவலகப் பிணையம் எழும்போது பொதுக் கோப்புறையை இணைக்கவேண்டும், இயல்பு அச்சுப்பொறியை மாற்றவேண்டும் என்றால் அந்த வரிகள் 'அலுவலகம்' என்ற பத்தியிலேயே இருக்கும். அலுவலகத்தில் இந்தக் கணினி என்னவெல்லாம் செய்கிறது என்று அறிய ஒரு கோப்பின் ஒரு பத்தியைப் படித்தால் போதும்.

இடத்தை யார் சொல்வது என்ற சிக்கலுக்கு டெபியன் உலகில் பல விடைகள் வந்தன. அவற்றில் ஒன்றின் பெயரே 'வேர்அம்ஐ', அதாவது 'நான் எங்கே?'. இவற்றுள் நேர்த்தியானது என்ரிகோ சினி எழுதிய 'கெஸ்நெட்'. கேபிளைச் செருகியதும் அது ஏஆர்பி கேள்விகளை அனுப்பி, பயனர் முன்பே குறித்துவைத்த முகவரியில் குறித்துவைத்த மேக் முகவரியோடு யாராவது பதிலளிக்கிறார்களா என்று பார்க்கும். பதில் வந்தால் இது இன்ன இடம் என்று முடிவுசெய்யும். உலகில் எண்ணற்ற வீட்டு ரூட்டர்கள் 192.168.1.1 என்ற ஒரே முகவரியில் இருப்பதால், ஐபி முகவரியை மட்டும் கொண்டு இடத்தை அறியமுடியாது. ரூட்டரின் மேக் முகவரியோ பெரும்பாலும் தனித்தன்மை உடையது. ஒரு மனிதர் பழகிய முகத்தைப் பார்த்து வந்த ஊரை அறிவதுபோன்ற எளிய உத்தி இது.

சூசே வழங்கலின் எஸ்சிபிஎம் இதே எண்ணத்தை அதன் எல்லைவரை கொண்டுசென்றது. அது பிணையத்தை மட்டுமன்றி, அச்சுப்பொறி, திரை அமைவு, பின்னணிச் சேவைகள் ஆகிய அனைத்தையும் ஒரே ப்ரொஃபைலில் அடக்கியது. கணினி தொடங்கும்போதே ப்ரொஃபைலைத் தேர்ந்தெடுக்கவும் முடிந்தது. இங்கேதான் இட அணுகுமுறையின் பலவீனமும் வெளிப்பட்டது. வீட்டில் இருக்கும்போது அந்தத் தொகுதிக்குள் வரும் ஏதோவொரு அமைவைத் திருத்தினால், அந்தத் திருத்தம் வீட்டு ப்ரொஃபைலுக்கு மட்டுமே உரியதாகிவிடும். அலுவலகம் சென்றதும் பழைய அமைவு திரும்பிவரும். எந்த மாற்றம் இடத்தைச் சேர்ந்தது, எந்த மாற்றம் கணினியைச் சேர்ந்தது என்பதைக் கருவியால் பகுத்தறிய இயலாது. பயனரே ஒவ்வொரு முறையும் அதைச் சொல்லவேண்டியிருந்தது. ரெட் ஹேட்டின் பழைய பிணைய அமைவுக் கருவியிலும் ப்ரொஃபைல்கள் இருந்தன, அவற்றின் கதையும் ஏறத்தாழ இதுவே.

இணைப்பைக் கேட்கும் கருவி

ரெட் ஹேட் 2004இல் நெட்வொர்க் மேனேஜரைத் தொடங்கியபோது வைஃபை பரவிக்கொண்டிருந்தது. வைஃபை தன் பெயரைத் தானே அறிவிக்கிறது. எனவே பயனர் இடத்தைச் சொல்லவேண்டியதில்லை, அருகில் கேட்கும் பெயர்களில் பழகியது எது என்று பார்த்தால் போதும் என்றாயிற்று. மேசையின் மூலையில் ஒரு பட்டியல், அதில் ஒரு சொடுக்கு, ஒரு கடவுச்சொல். ரூட் உரிமையும் உரைக்கோப்பும் தேவையில்லாமல் போயின. தொடக்கத்தில் குறைகள் பல இருந்தன. கடவுச்சொற்கள் பயனரின் மேசைச்சூழலில் இருந்ததால் உள்நுழைவதற்கு முன் பிணையமே எழாத நிலை உண்டு. 2011இல் வந்த 0.9 பதிப்பு ப்ரொஃபைல்களைப் பின்னணிச் சேவையின் பொறுப்பில் ஒன்றுசேர்த்தபோது அந்தக் குறை நீங்கியது.

இந்த அணுகுமுறைக்குச் சாதகமான மிக வலுவான சான்று கைபேசி ஹாட்ஸ்பாட். அதற்கு இடம் என்பதே கிடையாது. பேருந்திலும் வீட்டிலும் வகுப்பறையிலும் அது ஒரே இணைப்பு, ஒரே அளவுக்கட்டுப்பாடு. ஆண்ட்ராய்டு கைபேசி ஹாட்ஸ்பாட்டாக இயங்கும்போது டிஹெச்சிபி பதிலில் ஒரு குறிப்பைச் சேர்க்கிறது. அதைக் கொண்டு நெட்வொர்க் மேனேஜர் இது அளந்து கட்டணம் பெறும் இணைப்பு என்று ஊகித்துக்கொள்கிறது. க்னோம் மென்பொருள் அங்காடி அப்போது பெரிய பதிவிறக்கங்களைத் தானாகத் தொடங்காமல் நிற்கிறது. இடத்தை அலகாகக் கொண்ட பழைய கருவி எதுவும் இதைச் செய்திருக்கமுடியாது.

கேபிள் பேசுவதில்லை

வைஃபைக்கு வகுத்த முறையைக் கேபிளுக்கும் பொருத்தியபோது முதல் விரிசல் தோன்றியது. கேபிளுக்குப் பெயர் இல்லை. அலுவலகத்தில் நிலையான ஐபி முகவரியும் வீட்டில் டிஹெச்சிபியும் தேவைப்படும் ஒருவர் இரண்டு கேபிள் ப்ரொஃபைல்களை உருவாக்கலாம். செருகும் நேரத்தில் இரண்டுமே பொருந்துகின்றன. நெட்வொர்க் மேனேஜர் முதலில் தானியங்கு முன்னுரிமை எண்ணைப் பார்க்கிறது. எண் சமமாக இருந்தால் கடைசியாகப் பயன்பட்டதைத் தேர்கிறது. மாலையில் வீட்டுக்கு வந்து கேபிளைச் செருகினால் அலுவலக முகவரியே ஏறும். நிலையான முகவரி தோற்பதற்குக் காரணம் எதுவும் இல்லாததால் 'இணைக்கப்பட்டது' என்ற அறிவிப்பும் வந்துவிடும். ஆனால் ஒரு பக்கமும் திறக்காது.

டிஹெச்சிபி ப்ரொஃபைலுக்கு அதிக முன்னுரிமை கொடுப்பது வழக்கமான ஆலோசனை. டிஹெச்சிபி வழங்கியே இல்லாத அலுவலகத்தில் அது இயல்பாக 45 விநாடி காத்திருந்து தோற்கும். டிஹெச்சிபியும் இருந்து, குறிப்பிட்ட கணினிகளுக்கு மட்டும் நிலையான முகவரி வேண்டும் என்ற அலுவலகத்தில் அது வெற்றிபெற்றுவிடும், தவறான முகவரியோடு. ப்ரொஃபைலைக் குறிப்பிட்ட இடைமுகப் பெயர், இயக்கி, வன்பொருள் பாதை ஆகியவற்றோடு கட்டும் பண்புகள் நெட்வொர்க் மேனேஜரில் உள்ளன. அவை அனைத்தும் கேபிளின் இந்த முனையைப் பற்றியவை. மறுமுனையில் எந்த ரூட்டர் இருக்கிறது என்று கேட்கும் பண்பு அவற்றில் இல்லை. கெஸ்நெட் செய்த ஏஆர்பி சோதனைக்கு ஈடான ஒன்று இத்தனை ஆண்டுகளில் உள்ளே வராதது வியப்புக்குரியது. அலுவலக மேசையில் தனிப் பிணைய அட்டையோடு கூடிய டாக் இருப்பவர்கள் மட்டும் தப்பிக்கிறார்கள். அந்த அட்டையோடு ப்ரொஃபைலைக் கட்டிவிட்டால் டாக்கே இடத்தின் அடையாளமாகிவிடுகிறது.

வைஃபையிலும் பெயர் எப்போதும் இடம் ஆகாது. பல்கலைக்கழகங்கள் பல நாடுகளில் பயன்படுத்தும் எடுரோம் பிணையத்துக்கு எங்கும் ஒரே பெயர். சொந்த வளாகத்திலும் விருந்தினராகச் சென்ற வளாகத்திலும் மடிக்கணினிக்கு அது ஒரே ப்ரொஃபைல்தான். குறிப்பிட்ட அணுகல்புள்ளியின் முகவரியோடு ப்ரொஃபைலைப் பூட்டலாம். ஆனால் வளாகத்தில் ஒரு கட்டடத்திலிருந்து மற்றொன்றுக்கு நடந்தால் இணைப்பு அறுந்துவிடும்.

கொல்லைப்புற வாசல்

பிணையத்துக்கு வெளியே உள்ளவற்றை, அதாவது கோப்புறை இணைப்பு, அச்சுப்பொறி, காப்புப்பிரதி ஆகியவற்றை மாற்ற நெட்வொர்க் மேனேஜர் தரும் வழி 'டிஸ்பாட்சர்'. அதற்குரிய அடைவில் வைக்கப்படும் ஸ்கிரிப்ட் ஒவ்வொரு இணைப்பு எழும்போதும் விழும்போதும் அழைக்கப்படும். இடைமுகத்தின் பெயரும் நிகழ்வின் பெயரும் அதற்குத் தரப்படும். எந்த இணைப்பு என்பதைச் சூழல் மாறியிலிருந்து ஸ்கிரிப்டே பார்த்துக்கொள்ளவேண்டும்.

ஆற்றலில் இதற்குக் குறைவில்லை. குறை அமைந்திருப்பது அதன் இருப்பிடத்தில். இஃப்அப்டவுனில் ஒரே பத்தியில் இருந்தவை இங்கே பிரிந்துவிட்டன. முகவரி ஒரு கோப்பில் இருக்கிறது. செயல் வேறோர் அடைவில், ரூட்டுக்கு உரிய ஸ்கிரிப்டில் இருக்கிறது. வரைகலை அமைவுச் சாளரத்தில் இப்படி ஒன்று இருப்பதன் சுவடே தெரியாது. ஸ்கிரிப்டின் உரிமையாளர் ரூட் அல்ல என்றாலும், மற்றவர் எழுதும் அனுமதி இருந்தாலும் அது இயங்காது. அதற்கான விளக்கம் பதிவேட்டில்தான் கிடைக்கும், திரையில் அல்ல. ஒரு சொடுக்கில் வைஃபையை மாற்றும் மாணவருக்கும், அச்சுப்பொறியை மாற்ற ரூட் ஸ்கிரிப்ட் எழுதவேண்டிய மாணவருக்கும் இடையே படிக்கட்டே இல்லை.

ஆர்ச் லினக்ஸின் நெட்சிடிஎல் இந்த விஷயத்தில் பழைய நேர்மையைக் காத்தது. ஒரு ப்ரொஃபைல் ஒரு கோப்பு, எழுந்தபின் செய்யவேண்டிய கட்டளையும் அதே கோப்பில். 'ஸ்விட்ச்-டு' என்ற துணைக்கட்டளை மற்ற ப்ரொஃபைல்களை நிறுத்திக் கேட்டதை மட்டும் தொடங்கும். ஆனால் அது கட்டளைவரியில் பழகியவர்களின் கருவியாகவே நின்றுவிட்டது.

ஒரு கோப்பும் பல கைகளும்

டிஎன்எஸ் வழங்கியைக் குறிக்கும் 'ரிசால்வ்.கான்ஃப்' கோப்பின் வரலாறு தனியாகச் சொல்லத்தக்கது. டிஹெச்சிபி நிரல், நெட்வொர்க் மேனேஜர், விபிஎன் மென்பொருள் என யாரும் அதை எழுதலாம் என்றிருந்ததால், கடைசியாக எழுதியவர் வென்றார். விபிஎன்னை மூடியபின்னும் அதன் டிஎன்எஸ் கோப்பில் தங்கிவிடுவது பலர் கண்ட அனுபவம். சலித்துப்போன பயனர்கள் கோப்பை யாரும் மாற்றமுடியாதபடி பூட்டிவைத்தார்கள். தன் கணினியின் மென்பொருள்களிடமிருந்தே தன் கோப்பைக் காக்கவேண்டிய அந்த நிலை, வடிவமைப்பின் தோல்விக்குப் போதிய சான்று.

இப்போது உபுண்டு, ஃபெடோரா ஆகிய வழங்கல்களில் சிஸ்டம்டி-ரிசால்வ்டு இந்தச் சண்டையைத் தீர்த்துவைக்கிறது. ஒவ்வொரு இணைப்புக்கும் தனி டிஎன்எஸ் உண்டு. அலுவலகத்தின் உள்பெயர்கள் விபிஎன் வழியாகவும் மற்றவை வீட்டு ரூட்டர் வழியாகவும் செல்லமுடியும். இது உண்மையான முன்னேற்றம். அதற்குக் கொடுத்த விலை, கோப்பைத் திறந்தால் 127.0.0.53 என்ற உள்முகவரி மட்டுமே தெரிவது. பழைய பாடநூலைப் பின்பற்றும் மாணவர் அந்த வரியை அழித்துத் தம் டிஎன்எஸ்ஸை எழுதுவார். அது நிலைக்காமல் போகும்போது காரணம் புரியாது. உண்மை நிலையை அறிய 'ரிசால்வ்சிடிஎல்' கட்டளை வேண்டும் என்பதைக் கோப்பின் தலைப்புக் குறிப்பே சொல்கிறது. ஆனால் பிழை தேடும் அவசரத்தில் குறிப்பைப் படிப்பவர் குறைவு.

டெபியனில் இதற்கு இணையான மற்றொரு மறைகுழி உண்டு. 'இன்டர்ஃபேசஸ்' கோப்பில் குறிப்பிடப்பட்ட இடைமுகத்தை நெட்வொர்க் மேனேஜர் இயல்பாகத் தொடுவதில்லை. இரண்டு கருவிகள் மோதாமல் இருக்க இது நல்ல விதி. ஆனால் பழைய வழிகாட்டியைப் பார்த்து அந்தக் கோப்பில் இரண்டு வரி சேர்த்தவருக்கு, மேசையின் பட்டியலிலிருந்து வைஃபை மறைந்துபோனதாகவே தோன்றும்.

உபுண்டுவின் நெட்ப்ளான் இவற்றின் மேல் மேலும் ஓர் அடுக்கு. வழங்கிக் கணினிகளில் அதற்குப் பயன் உண்டு. 120 விநாடிக்குள் உறுதிசெய்யாவிட்டால் பழைய அமைவுக்குத் திரும்பும் 'ட்ரை' வசதி, தொலைவிலிருந்து வேலை செய்பவரைக் காப்பாற்றும். மடிக்கணினியில் அதன் பங்கு ஐயத்துக்குரியது. 23.10 பதிப்பிலிருந்து வரைகலைச் சாளரத்தில் உருவாக்கும் இணைப்புகளும் நெட்ப்ளானின் யாமல் கோப்புகளாகவே சேமிக்கப்படுகின்றன. கோப்பின் பெயரில் பயனர் வைத்த பெயருக்குப் பதில் நீண்ட அடையாள எண் நிற்கிறது.

நம்பிக்கை என்ற அமைவு

இதுவரை கூறியவை நேரத்தை வீணாக்கும் குறைகள். பாதுகாப்பில் உள்ள குறை வேறு தரத்தது. வீட்டுப் பிணையத்துக்கும் காபிக்கடைப் பிணையத்துக்கும் உள்ள முதன்மையான வேறுபாடு ஐபி முகவரி அன்று. அங்கே உடன் இருப்பவர்களை நம்பலாமா என்பதே. முகவரியை டிஹெச்சிபி தானே சொல்லிவிடும். நம்பிக்கையை எந்த நெறிமுறையும் சொல்லாது, அது இடத்தைப் பற்றிய மனித அறிவு. 2007இல் வந்த விண்டோஸ் விஸ்டா, புதிய பிணையத்தில் நுழையும்போது இது வீடா, பணியிடமா, பொது இடமா என்று கேட்டது. எரிச்சலூட்டிய கேள்வி என்றாலும் சரியான கேள்வி.

லினக்ஸில் அதற்கான இயந்திரம் முழுமையாக இருக்கிறது. ஃபயர்வால்டியில் 'சோன்' எனப்படும் நம்பிக்கை வட்டங்கள் உண்டு. நெட்வொர்க் மேனேஜரின் ஒவ்வொரு ப்ரொஃபைலுக்கும் ஒரு சோனைக் குறிக்கலாம். குறித்துவிட்டால் காபிக்கடை வைஃபையில் சேர்ந்த கணமே கடுமையான விதிகள் ஏறும். ஆனால் இணையும்போது யாரும் அதைக் கேட்பதில்லை. குறிக்காத ப்ரொஃபைல்கள் அனைத்தும் இயல்பு சோனில் விழுகின்றன. ஃபெடோரா வொர்க்ஸ்டேஷனின் இயல்பு சோன் 1025 முதல் 65535 வரையிலான போர்ட்டுகளை உள்வரும் தொடர்புகளுக்குத் திறந்துவைக்கிறது. வீட்டில் ஊடகப் பகிர்வும் விளையாட்டும் தடையின்றி இயங்கவேண்டும் என்பது அதன் நியாயம். அதே சோன் ரயில் நிலையத்திலும் தொடர்கிறது. உபுண்டுவில் யுஎஃப்டபிள்யூ நிறுவப்பட்டிருந்தாலும் இயல்பாக அணைந்தே இருக்கும், இணைப்புவாரியான சோன் என்ற கருத்தும் அதில் கிடையாது.

பைதானின் எளிய வலை வழங்கியை எடுத்துக்கொள்ளலாம். ஒரு கோப்புறையில் நின்று ஒரு வரிக் கட்டளையைத் தட்டினால் அது 8000ஆம் போர்ட்டில் எல்லா இடைமுகங்களிலும் அந்தக் கோப்புறையைத் திறந்துவைக்கும். விடுதி அறையில் நண்பருக்குக் கோப்பு அனுப்ப அதைத் தொடங்கிய மாணவர், நிறுத்த மறந்து மடிக்கணினியை மூடுகிறார். மறுநாள் பொது வைஃபையில் திறக்கிறார். கணினி பழகிய பெயரைக் கண்டு தானே இணைகிறது, வழங்கியும் தொடர்ந்து ஓடுகிறது. அந்தப் பிணையம் பயனர்களை ஒருவரிடமிருந்து ஒருவர் பிரித்துவைக்காவிட்டால், அங்குள்ள எவரும் அந்தக் கோப்புறையைப் படிக்கலாம். கடவுச்சொல் இல்லாத பிணையமானால் அந்தப் பெயரையே வேறொருவர் பொய்யாக அறிவித்திருக்கவும் கூடும். எங்கேயும் எதுவும் பழுதாகவில்லை. ஒவ்வொரு கருவியும் தன் வேலையைச் சரியாகச் செய்தது. இடம் மாறிவிட்டது என்பதை மட்டும் யாரும் கவனிக்கவில்லை.

க்னோமின் பகிர்வு அமைவில் ஒரு காலத்தில் இதற்கு நல்ல முன்மாதிரி இருந்தது. கோப்புப் பகிர்வை எந்தெந்த இணைப்புகளில் மட்டும் இயக்கவேண்டும் என்று அதில் குறிக்கமுடிந்தது. வீட்டு வைஃபையில் இயக்கிய பகிர்வு வேறிடத்தில் தானே நின்றுவிடும். அந்த எண்ணம் ஃபயர்வாலுக்கு விரியவில்லை.

கருவிகள் மாறும்வரை, ஃபயர்வால்டி உள்ள வழங்கல்களில் பயனரே வரிசையைத் திருப்பிவைக்கலாம். முதலில் இயல்பு சோனைப் 'பப்ளிக்' என மாற்றவேண்டும். பிறகு வீட்டு ப்ரொஃபைலுக்கு மட்டும் என்எம்சிஎல்ஐ கட்டளையால் 'ஹோம்' சோனைக் குறிக்கவேண்டும். அலுவலகத்துக்கு 'வொர்க்'. இரண்டு மூன்று கட்டளைகளில் முடியும் வேலை இது. இதன்பின் புதிதாகச் சேரும் எந்தப் பிணையமும் அந்நியமாகத் தொடங்கும், பயனர் பெயரிட்டவை மட்டுமே நம்பப்படும். பொது இடங்களின் கடவுச்சொல்லற்ற ப்ரொஃபைல்களில் தானே இணையும் வசதியை அணைத்துவைப்பதும் இதன் பகுதி. எடுரோம் போன்று எங்கும் ஒரே பெயர் கொண்ட பிணையத்துக்கு 'ஹோம்' சோன் தரக்கூடாது, சொந்த வளாகத்தில் இருக்கும்போதும்.